வெயிலில் அடித்த மழை மணி

1952 மார்ச் 14, வெள்ளிக்கிழமை. காலை 4.15க்கு எழுந்தேன். தகரக் கூரையில் தூறல். 4.30 குளியல். 4.50 சாமி படத்துக்கு விளக்கு. 5.00 பால் விடாத காப்பி, ஒரு குவளை. 5.20 ஆபீஸ் கதவைத் திறந்து சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தது, திருத்தினேன். 5.30 பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. வந்தவர்கள் அறுபத்து மூன்று பேர். காய்ச்சல் இருவர். மழையால் புறப்பாடு தாமதம்.

என் நாட்குறிப்பில் அந்த நாளைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. கீழே அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். முப்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். வேறெந்தப் பக்கத்திலும் அப்படி இடம் விட்டதில்லை. அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குள் மழை பெய்துகொண்டிருப்பதுபோல் ஒரு நினைப்பு வரும். அதை இப்போது எழுதி நிரப்பப் பார்க்கிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. மலாக்காவில் நியாலாசுக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தேன். மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் நான்காம் வருடத்தில் நடந்துகொண்டிருந்தது. லயங்கள், ஆபீஸ், பால் ஸ்டோர் எல்லாவற்றையும் சுற்றி முள்கம்பி வேலி. வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று சட்டம். வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தி, வாளியைக் கவிழ்த்து, மடியைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள்.

என் அக்காவும் அந்த அறுபத்து மூன்று பேரில் ஒருத்தி. என்னைவிட நான்கு வயது மூத்தவள். அவள் மரம் வெட்டி, பட்டையைக் கீறிப் பால் எடுத்துத்தான், நான் இங்கிலீஷ் படித்தேன். நான் கிராணியான பிறகு வேலையை விட்டுவிடச் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"ஒக்காந்து சாப்ட்டா ஒடம்பு ஊதிரும்லா. நீ பேனாவ புடி, நா கத்திய புடிக்கிறேன். ரெண்டு பேருல ஒருத்தராவது வேல செய்யணும்ல?" என்பாள்.

அவளுடைய மரங்கள் ஆற்றோரக் காட்டில், தோட்டத்தின் கடைசியில் இருந்தன. ஆபீஸிலிருந்து ஒன்றரை மைல். அங்கே அவளையும் சேர்த்துப் பதினான்கு பேர்.

வெள்ளிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை மாலை, பட்டணத்திலிருந்து ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்கு வந்தார். மப்டியில் இருந்தார். தமிழர்; மலாக்காவில் வளர்ந்தவர். துரை அன்று ஊரில் இல்லை. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரில் தொங்கிய தோட்டத்து வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஆத்தோரக் காட்டுல ஆளுங்க எத்தன மணிக்கு உள்ள போவாங்க, எத்தன மணிக்கு வெளிய வருவாங்க?"

நான் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன். உள்ளே போவது 6.15. பால் எடுக்கும் மணி 10.30. கடைசி ஆள் வெளியே வருவது 11.45.

"கரெக்டா?"

"அஞ்சு நிமிஷம் முன்னப் பின்ன இருக்கும் சார்."

அவர் சிரித்தார். "உங்கள மாதிரி ஆளுங்க நாலு பேர் இருந்தா போதும், இந்தச் சண்ட எப்பவோ முடிஞ்சிருக்கும்."

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்த வருடங்களில் எதற்கு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அவர் புகழ்ந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை தூறல் ஆறரை வரை விடவில்லை. மழை பெய்தால் மரத்தை வெட்ட முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்துவிடும். மரம் காய்கிறவரை ஆட்கள் பெரட்டுக் களத்துக் கொட்டகையில் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு எனக்கு எப்போதும் பிடிக்கும். வேலையும் இல்லை, ஓய்வும் இல்லை. பெண்கள் தலைத்துண்டை இழுத்து மூடிக்கொண்டு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவார்கள். கொசுவுக்காக இடுப்பில் கட்டியிருக்கும் தகர டப்பாக்களில் துணித்திரி புகைந்துகொண்டிருக்கும். புகை எழுந்து, ஈரக் காற்றில் மேலே போக மனமில்லாமல், தலைகளுக்கு மேல் ஒரு முழ உயரத்தில் நின்றுவிடும். அறுபது பேரும் ஒரே கனவைக் கண்டுகொண்டிருப்பதுபோல் இருக்கும்.

மார்ச் மாதமானதால் மரங்கள் பழைய இலையைக் கொட்டிவிட்டுத் தளிர் விட்டிருந்தன. செம்பு நிறத் தளிர். மழை விட்டு வெளிச்சம் வந்தபோது காடு முழுக்கக் கண்ணாடிபோல் தெரிந்தது. எட்டே முக்காலுக்கு, ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையசைத்தார். ஆட்கள் எழுந்து வரிசையாகக் கேட்டைக் கடந்தார்கள். அக்கா என் ஜன்னலருகே நின்றாள்.

"கிராணி ஐயா, இன்னிக்கு வர ரெண்டு மணி ஆயிரும். ஒன் சமையக்காரர்ட்ட எனக்குச் சோறு எடுத்து வைக்கச் சொல்லு. அடிச்சோறு வேணாம், பல்லு ஒடையுது."

போய்விட்டாள். நான் பெரட்டுப் புத்தகத்தில் 'மழை, 8.45' என்று எழுதினேன். மாதத்தில் ஆறேழு நாள் எழுதுகிற வரிதான். கை எழுதியது, மனம் கவனிக்கவில்லை.

பதினொன்று ஐந்துக்கு ஆபீஸ் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. பட்டாளத்துக்குச் சாமான் ஏற்றும் வாடகை லாரி. டிரைவர் குருபோங் பக்கத்துத் தமிழர், முப்பது வயதிருக்கும். இறங்கி, தொப்பியால் முகத்தை விசிறிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, ஆத்தோரக் காட்டுக்கு எந்தப் பக்கம் ஜாலான்? பிஸ்கட்டு, தண்ணி, டின்னு சாமான். ரோட்டு முனையில எறக்கி வச்சிட்டு வந்திரணும். பன்னெண்டுக்கு மேல அந்தப் பக்கம் தலகாட்டாதேன்னு சொல்லிட்டானுங்க."

"ஏன்?"

"பன்னெண்டுக்கு அப்பறம் உள்ள எவன் நடமாடுனாலும் சுடுவானுங்களாம்லா. தோட்டத்து ஆளுங்கதான் பன்னெண்டுக்கு முன்னயே போயிருவாங்களாமே. எழுதியே குடுத்துட்டாங்களாம்."

அவர் அதைச் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. எழுதியே கொடுத்துவிட்டார்கள். என் கோடு, என் கையெழுத்து. என் தாள் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. இன்ஸ்பெக்டருக்கு ஆற்றோரத்தில் யாரோ அரிசி வாங்க வருவார்கள் என்ற துப்பு கிடைத்திருக்கும். அதை அவர் பட்டாளத்திடம் சொல்லியிருப்பார். பட்டாளம் விடியுமுன் போய்ப் படுத்திருக்கும். லாரிக்காரருக்கு மணி மட்டும் தெரியும். ஒவ்வொருவர் கையிலும் சேதியில் ஒரு துண்டு. மழை பெய்தால் வேலை இரண்டரை மணி நேரம் தள்ளிப்போகும் என்ற துண்டு என்னிடம் இருந்தது. கேட்கப்படாததால் நான் கொடுக்கவில்லை.

போனைச் சுழற்றினேன். ஸ்டேஷனில் எடுத்தவர் மலாய்க்காரக் கான்ஸ்டபிள். இன்ஸ்பெக்டர் எங்கே என்று தெரியாது என்று மலாயில் சொன்னார். ஆற்றோரத்தில் இருக்கும் பட்டாளத்துக்கு உடனே சொல்ல வேண்டும் என்றேன்.

"என்ன பட்டாளம்? எனக்கு ஒண்ணும் தெரியாதுலா, ஞ்சே. தெரிஞ்சாலும் போன்ல பேசக் கூடாது. அவங்க ரேடியோ வேற, எங்க ரேடியோ வேற. மலாக்காவுக்குச் சொன்னா, அங்கேருந்து அவங்க கேம்ப்புக்குச் சொல்லுவாங்க, கேம்ப்புலேருந்து…"

"எவ்வளவு நேரமாகும்?"

"சாயங்காலத்துக்குள்ள ஆயிரும்."

'ஞ்சே' என்றால் மலாயில் ஐயா; அவர் மரியாதையாகத்தான் பேசினார். மணி 11.24.

டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"எனக்குப் புள்ளைங்க ரெண்டுண்ணே."

"எங்க அக்கா உள்ள இருக்கு. மொத்தம் பதினாலு பேரு."

"அத மொதல்ல சொல்ல வேண்டியதுதானே. ஏறுங்க."

செம்மண் பாதையில் லாரி வழுக்கிக்கொண்டே போனது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஈர மண்ணிலிருந்து ஆவி கிளம்பி மரங்களின் முழங்கால் வரை வெள்ளையாக நின்றது. இருபுறமும் வரிசை வரிசையாக மரங்கள் திறந்து மூடின. எத்தனை வரிசை கடந்தாலும் அதே வரிசை திரும்ப வருவதுபோல் இருந்தது. கனவில் ஓடினால் இடம் நகராதே, அப்படி. நான் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றுதான் நிஜமாக நகர்ந்தது.

பதினான்கு பேரையும் ஒரே நேரத்தில் எப்படி வெளியே கூப்பிடுவது? பதினான்கு பேர் அறுபது ஏக்கரில் சிதறியிருப்பார்கள். போகும்போதே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன், பெருமையோடு. மழை மணி. வேலை நடுவில் மழை வருவதுபோல் இருந்தால் ஆபீஸ் முன் தொங்கும் தண்டவாளத் துண்டை விடாமல் வேகமாக அடிப்போம். தூரத்துக் காடுகளுக்குப் பால் லாரி போய் அதே தாளத்தில் ஹார்ன் அடிக்கும். மணி அடித்த இருபதாவது நிமிடம் எல்லோரும் வாளியோடு ஸ்டோரில் நிற்பார்கள். வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன், நேரம் குறித்திருக்கிறேன்.

11.39க்கு ரோட்டு முனையில் நின்றோம். டிரைவரை விடாமல் ஹார்ன் அடிக்கச் சொன்னேன். மேலே ஒரு துண்டு மேகம் இல்லை. நீல வானத்தின் கீழ் அந்த மழை மணி காட்டுக்குள் போய்த் திரும்பித் திரும்பி வந்தது. அங்கங்கே தலைத்துண்டுகள் நிமிர்ந்தன. சிலர் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

உள்ளே.

"என்னண்ணே இது? வெளிய கூப்புட்டா உள்ள ஓடுறாங்க!"

எனக்கும் புரியவில்லை. ஆபீஸ் ஜன்னலிலிருந்து நான் பார்த்ததெல்லாம் அவர்கள் வந்து சேர்வதை மட்டும்தான். மணி கேட்டதும் அவர்கள் முதலில் என்ன செய்வார்கள் என்பதை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆற்றோரக் காட்டில் வெட்டு, கடைசி முனையில் ஆரம்பித்து ரோட்டை நோக்கி வரும். முதலில் வெட்டிய மரத்தில்தான் பால் வடியும் கிண்ணமான மங்கு நிறைந்திருக்கும். மழை வந்தால் நிறைந்த மங்கைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். ஆகவே மழை மணி கேட்டால் எல்லோரும் கடைசி முனைக்கு ஓடுவார்கள். அங்கிருந்து ஊற்றிக்கொண்டே திரும்பி வருவார்கள். ஒரு தொழிலாளிக்கும் இது சொல்லித் தர வேண்டியதில்லை. நான் ஹார்ன் அடித்துப் பதினான்கு பேரையும் ஆற்றங்கரைக்கு, துப்பாக்கிகளின் முன்னால், அனுப்பிவிட்டேன்.

லாரியிலிருந்து குதித்து ஓடினேன். என் வாழ்நாளில் நான் ஓடியது குறைவு. ஈரச் சருகு சத்தமே எழுப்பவில்லை. என் கால்கள் தரையைத் தொடுகின்றனவா என்றே சந்தேகமாக இருந்தது. கத்தினேன். கத்துகிறேன் என்பது வாயில் தெரிந்தது, காதில் கேட்கவில்லை. ஆற்றுப் பக்கம் நெருங்க நெருங்கப் புகை இழைகள் தெரிந்தன. ஒவ்வொருவர் இடுப்பிலிருந்தும் ஓர் இழை, மரங்களுக்கு நடுவே அலைந்துகொண்டிருந்தது. அவற்றில் கடைசி இழையின் கீழே அக்கா. மங்கிலிருந்து பாலை வாளிக்குள் ஊற்றி, விரலால் வழித்து, மங்கைத் திரும்பக் கம்பியில் மாட்டினாள். நிதானமாக.

"என்னாடா தம்பி, வெயில்ல மழை மணி அடிக்கிற? கிறுக்கு புடிச்சிருச்சா ஒனக்கு?"

"வாளிய போட்டுட்டு வா. இப்பவே வா."

"போட்டுட்டு வர இது என்னா ஒங்க அப்பன் வீட்டுப் பாலா?"

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பத்தடி தள்ளிப் பெரணிச் செடிகள் எழுந்து நின்றன. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. செடி எழுந்தது, செடிக்கு முகம் இருந்தது, முகத்தில் கரி பூசியிருந்தது. பிறகு இன்னொன்று. பிறகு நாலைந்து. அக்கா வாளியை இறக்கி வைக்கவேயில்லை.

அவர்களில் அதிகாரியாக இருந்தவர் இளம் வெள்ளைக்காரர். உதடு வெளுத்திருந்தது. நான் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அவர் தன் கடிகாரத்தை என்னிடம் திருப்பிக் காட்டினார். 11.51.

ஆறே காலுக்கு ஆட்கள் வருவார்கள் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆறே காலுக்கு யாரும் வரவில்லை. ஒன்பது மணிக்கு, யாரும் வரக்கூடாத நேரத்தில், கையில் கத்தியோடு உருவங்கள் வந்தன. அவர்கள் இடுப்பில் புகை இருந்ததால் மட்டுமே பொறுத்ததாகச் சொன்னார். ஒளிந்து வருகிறவன் புகை போட்டுக்கொண்டு வரமாட்டான். கேட்டு வர ஓர் ஆளைக் கேம்ப்புக்கு அனுப்பியிருந்தார். நனைந்த மரங்களுக்குள் அவர்களுடைய ரேடியோ வேலை செய்யவில்லை. போன ஆள் இன்னும் திரும்பவில்லை.

"பன்னிரண்டு ஆகியிருந்தால்?" என்று கேட்டேன்.

அவர் ஆற்றின் மறுகரையைக் காட்டினார். அங்கேயும் அவருடைய ஆட்கள் படுத்திருந்தார்கள். "எனக்கு இவர்கள் பெண்கள் என்று தெரிகிறது. அங்கே இருப்பவர்களுக்கு அசைவு மட்டும்தான் தெரியும். பன்னிரண்டு மணி என்று அவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறேன். மாற்றிச் சொல்ல வழியில்லை. நீங்கள் வரும்போது நான் ஆற்றில் இறங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்."

அவர் விசில் ஊதினார். மறுகரையில் மூங்கில் அசைந்து ஆட்களானது. மறைந்திருந்தது அதோடு முடிந்தது. ஒரு மைல் சுற்றில் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

திரும்பி நடக்கையில் அக்கா பாலைச் சிந்தாமல், வாளி தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் மெதுவாகச் சொன்னாள்.

"ஒம்பது மணிக்கே பூட்சு தெரிஞ்சிச்சு. என் மூணாவது மரத்துக்குப் பின்னால."

"பாத்துட்டா வேல செஞ்ச?"

"பாத்தேன்னு யார்ட்ட சொல்றது? சொன்னா இவனுங்களும் கேப்பானுங்க, அவனுங்களும் கேப்பானுங்க. நா பாட்டுக்கு மரத்த பாத்தேன்."

அவளுக்குத் தெரிந்த துண்டையும் அவள் யாருக்கும் கொடுக்கவில்லை.

ரோட்டு முனையில் ஆட்களை எண்ணினேன். பதினான்கு. இரண்டாம் முறை எண்ணினேன். டிரைவர் பிஸ்கட் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் கரி பூசிய, பையன்போல் இருந்த ஒரு பட்டாளக்காரர் ஒரு பாக்கெட்டைப் பிரித்து அக்காவிடம் நீட்டினார். அவள் வாங்கி ஒன்றைக் கடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வேலிக்கு வெளிய சாப்பிடுறேன். எழுதிக்கோ, கிராணி ஐயா. கேஸு போடணும்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் சிரித்துக்கொண்டே போய் ஒரு மரத்தடியில் குந்தி வாந்தி எடுத்தார்.

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். என் தாளை மேசைமேல் விரித்து வைத்தார். மடிப்பில் ஈரம்.

"ரெண்டு மாசம். ரெண்டு மாசமா ஒரு ஆளு உயிரக் கையில புடிச்சிக்கிட்டு வந்து வந்து சொன்ன சேதி. மழை பெஞ்சா லேட்டாகும்னு நேத்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"எதுக்குன்னு நேத்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் சார்."

அவர் கோபப்படவில்லை. இரண்டு பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் ஒரு தவறும் இல்லை. அடித்தல் திருத்தல்கூட இல்லை.

"அந்த ஆள்?" என்றேன்.

"இன்னிக்கு வரேன்னு சொன்ன எடத்துக்கு வரல."

பிறகு அந்த ஆளைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா அன்று சாயங்காலம் சோற்றைப் பிசைந்தபடி, அடிச்சோறு போட்டுவிட்டார் என்று என் சமையல்காரரைத் திட்டினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். அதே நேரத்தில் இன்னொரு வீட்டில் இன்னொருவருக்காக யாராவது சோற்றை எடுத்து மூடி வைத்திருப்பார்களோ என்ற எண்ணம் வந்தது. அதனால்தான் அரைப் பக்கம் வெறுமையாக நின்றது என்று நினைக்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை. 4.15க்கு எழுந்தேன். குளிக்கவில்லை, விளக்கேற்றவில்லை. முதலில் கதவைத் திறந்து உள்ளங்கையை வெளியே நீட்டிச் சிறிது நேரம் நின்றேன். கை காய்ந்தே இருந்தது. அப்படியே ஆபீஸுக்கு நடந்துபோய்ப் போனை எடுத்தேன். அதே கான்ஸ்டபிள், தூக்கக் குரலில்.

"இன்றைக்கு மழை இல்லை. ஆட்கள் ஆறே காலுக்கு உள்ளே போவார்கள்."

"யாரு கேட்டா, ஞ்சே?"

"யாரும் கேட்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்."

அந்தப் பக்கம் இழுப்பறை திறக்கிற சத்தம் வந்தது. பென்சில் தாளில் உராய்கிற சத்தம் கேட்கிறவரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.